நிறுத்தத் தெரிந்த பம்ப்

வாஷிங்டன் நகரின் தென்கோடியில், பொட்டோமாக் ஆற்றங்கரையில், ப்ளூ ப்ளெய்ன்ஸ் என்றொரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டரைக் கையாளும் திறன் கொண்டது. திடக்கழிவை நீக்கி, காற்றூட்டி, அம்மோனியாவையெல்லாம் நைட்ரேட்டாக மாற்றிய பிறகு, அந்த நீரில் மெத்தனால் கலக்கிறார்கள். கள்ளச்சாராயச் சாவுகளில் பெயர் அடிபடும் அதே மெத்தனால்தான். அதைத் தின்று வளரும் பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் மூச்சுவிட வேறு வழியின்றி நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன. மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. இதைச் செய்யாவிட்டால் அந்த நைட்ரேட் செசபீக் விரிகுடாவைச் சென்றடைந்து அங்கே பாசியைப் பெருக்கிவிடும்.

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வரவேற்பறையில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் இதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறார்கள். அவர்கள் ஊற்றுவது வோட்கா. சிலர் வினிகர், சிலர் சர்க்கரைக் கரைசல். 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மன் வளர்ப்பாளர்கள் வழியாகப் பரவிய இந்தப் பழக்கத்துக்கு கார்பன் டோசிங் என்று பெயர். முதலில் சிரிஞ்சில் அளந்து காலையில் ஒரு தடவை ஊற்றினார்கள். இப்போது சிறு பம்புகளும், அவற்றை ஆட்டுவிக்கும் கண்ட்ரோலர் பெட்டிகளும் அதைச் செய்கின்றன. கை ஊற்றியதை மோட்டார் ஊற்றுவதில் பெரிய வித்தை என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊற்றுவதில் ஒன்றுமில்லை. ஊற்றாமல் இருக்க வேண்டிய நேரத்தை அந்த மோட்டாருக்குச் சொல்லித்தருவதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், தொட்டிக்கு என்ன நோய் என்று பார்ப்போம். மீனுக்குத் தீனி போடுகிறோம். தீனியில் இருக்கும் புரதம் மீனின் உடல் வழியாகவோ, தின்னாமல் அழுகியோ அம்மோனியா ஆகிறது. பாறைகளில் ஒட்டியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அங்கேயே வண்டி நின்றுவிடுகிறது. பாஸ்பேட்டும் கூடவே சேர்கிறது. இயற்கைப் பவளப்பாறையைச் சுற்றியுள்ள கடல்நீரில் நைட்ரேட் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் வெகுவாகக் கீழே இருக்கும். கவனிக்காத வீட்டுத் தொட்டியில் அது 50, 100 என்று ஏறிக்கொண்டே போகும். பவளம் பழுப்பேறும், கண்ணாடியிலும் பாறையிலும் பாசி படரும்.

அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934-ல் கவனித்த ஒரு விஷயம் இங்கே உதவும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஏறக்குறைய மாறாத விகிதத்தில் இருக்கின்றன. பின்னாளில் அது 106:16:1 என்று நிலைபெற்றது. பாக்டீரியாவின் உடலில் கார்பனின் பங்கு இதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நைட்ரஜன் அணுவுக்குச் சுமார் ஐந்து கார்பன் அணு. ஆனால் பாக்டீரியாவுக்கு உடல் கட்டுவதற்கு மட்டுமல்ல, எரிப்பதற்கும் கார்பன் வேண்டும். நம் தொட்டியில் நைட்ரஜன் கொட்டிக்கிடக்கிறது, பாஸ்பரஸும் போதும் போதும் என்கிற அளவு இருக்கிறது. தின்னக்கூடிய கார்பன்தான் இல்லை. அந்த ஒன்றைக் கொடுத்தால் பாக்டீரியா பெருகும். பெருகும்போது மற்ற இரண்டையும் தன் உடலில் ஏற்றிக்கொள்ளும்.

ஏற்றிக்கொண்ட உடல் தொட்டிக்குள்ளேயே செத்துக் கரைந்தால் கதை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அதை வெளியே எடுக்கும் கருவிதான் புரோட்டீன் ஸ்கிம்மர். உயரமான குழாயில் நீரையும் பொடிக் காற்றுக்குமிழிகளையும் கலக்கிவிட்டால், நீரோடு ஒட்டாத கரிமப் பொருள்களும் பாக்டீரியாவும் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி ஒரு கிண்ணத்தில் வழியும். பழுப்பு நிறத்தில், மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் அந்த நீரைச் சாக்கடையில் கொட்டிவிடலாம். ஸ்கிம்மர் இல்லாமல் கார்பன் கொடுப்பதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

இடையில், இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் பவளங்கள் 2001-ல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்து எடுத்துவந்து தொட்டியில் வைப்பது, புலித்தோல் வைத்திருப்பதற்கு நிகரான குற்றம். மீன்கள் மட்டுமுள்ள கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன நைட்ரேட் தொல்லை உண்டு. இந்தக் கணக்குகளும் பொருந்தும்.

கணக்குக்கு வருவோம். 200 லிட்டர் தொட்டியில் நைட்ரேட்டை லிட்டருக்கு 1 மில்லிகிராம் குறைக்க வேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 200 மில்லிகிராம் நைட்ரேட். அதில் நைட்ரஜன் மட்டும் 45 மில்லிகிராம். இதை பாக்டீரியா தன் உடலாக மாற்றிக்கொள்ளச் சுமார் 195 மில்லிகிராம் கார்பன் வேண்டும். தின்றதில் பாதியைத்தான் உடலாக்குகிறது, மீதியை எரிக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால், கொடுக்க வேண்டியது 390 மில்லிகிராம். 40 சதவீத வோட்கா ஒரு மி.லி.யில் இருக்கும் கார்பன் சுமார் 165 மில்லிகிராம். ஆக, ஏறத்தாழ 2.4 மி.லி. வோட்கா.

இதே 200 மில்லிகிராம் நைட்ரேட், ப்ளூ ப்ளெய்ன்ஸில் நடப்பதுபோல் ஆக்சிஜன் எட்டாத மூலையில், பாறையின் உட்துளைகளில், வாயுவாக மாற்றப்பட்டால்? அங்கே 12 நைட்ரேட்டுக்கு 5 எத்தனால் மூலக்கூறு போதும். போட்டுப்பார்த்தால் 0.2 மி.லி. வோட்காவோடு வேலை முடிந்துவிடுகிறது.

ஒரே தொட்டி, ஒரே வேலை; வழியைப் பொறுத்து மருந்தின் அளவு பத்து மடங்குக்கு மேல் மாறுகிறது. உண்மையான தொட்டியில் இரண்டு வழியும் கலந்தே நடக்கும். எந்த விகிதத்தில் என்பது பாறை எவ்வளவு, மணல் எவ்வளவு ஆழம், நீரோட்டம் எப்படி என்பதையெல்லாம் பொறுத்தது. ஆகவே தொட்டியின் கொள்ளளவைத் தட்டினால் சரியான அளவைத் துப்பும் கால்குலேட்டர் எதையும் நம்ப வேண்டாம். அளவைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வழக்கத்தில் இருக்கும் முறையும் அதுதான்: 100 லிட்டருக்கு 0.1 மி.லி. வோட்காவில் தொடங்குவார்கள். மூன்று நாள் கழித்து அதை இரட்டிப்பாக்குவார்கள். பிறகு தொட்டி பெரிதோ சிறிதோ, வாரம் அரை மி.லி. மட்டும் கூட்டுவார்கள். நைட்ரேட் விழத் தொடங்கியதும் ஏற்றுவதை நிறுத்தி, அது வேண்டிய அளவுக்கு வந்தபின் பாதியாகக் குறைத்து அங்கேயே வைப்பார்கள்.

இன்னொரு கணக்கு, இதைவிட முக்கியமானது. 25 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 6.7 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டி முழுவதற்கும் சேர்த்து 1.34 கிராம். மீன், பவளம், இறால், நட்சத்திர மீன் எல்லாம் மூச்சுவிடும் மொத்தக் கையிருப்பு இவ்வளவுதான். ஒரு மி.லி. வோட்காவில் உள்ள எத்தனாலை முழுக்க எரிக்க 0.66 கிராம் ஆக்சிஜன் வேண்டும். முன்பு சொன்ன 2.4 மி.லி.யில் ஒரு பகுதி பாக்டீரியா உடலாகிவிடும் என்று கழித்துக்கொண்டாலும், செலவாகும் ஆக்சிஜன் ஏறத்தாழ 0.8 கிராம். கையிருப்பில் பாதிக்கும் மேல். நீரின் மேற்பரப்பும் ஸ்கிம்மரும் காற்றிலிருந்து ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டே இருப்பதால் மீன்கள் பிழைக்கின்றன. நிரப்பும் வேகத்தை பாக்டீரியா மிஞ்சிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வளர்ப்பாளர்களிடம் எத்தனையோ சோகக் கதைகள் உண்டு: காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் பால்போல் கலங்கியிருக்கும், மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

தானியங்கிக்கு முதல் நியாயம் இங்கே கிடைக்கிறது. ஒரே தடவையில் ஊற்றினால் அடுத்த சில மணி நேரத்துக்குள் வரும் ஆக்சிஜன் செலவை, நாள் முழுக்கப் பரப்பிவிடலாம். சிரிஞ்சோடு மணிக்கொரு தடவை தொட்டிக்கு எழுந்துபோக யாராலும் முடியாது. பம்பால் முடியும். அதிலும் வெளிச்சம் எரியும் பகல் நேரத்தில் அதிகமாகவும், இரவில் குறைவாகவும் அல்லது சுத்தமாக இல்லாமலும் கொடுக்கச் சொல்லலாம். பகலில் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது, கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக்கொள்கிறது. இரவில் அந்த உதவி இல்லை. தொட்டியில் ஆக்சிஜனும் பிஹெச்சும் தாழ்ந்து கிடக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன். அந்த நேரத்தில் பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பது முட்டாள்தனம்.

இந்த வேலைக்கான பம்ப் மிக எளிமையானது. வளைந்த தடத்தில் ஒரு மென்மையான குழாய். சுழலும் உருளைகள் அதை நசுக்கிக்கொண்டே போகும். நசுங்கிய இடத்துக்கு முன்னால் இருக்கும் திரவம் தள்ளப்படும். டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தத்தை நகர்த்துவதும் இதே பெரிஸ்டால்டிக் பம்ப்தான். திரவம் மோட்டாரைத் தொடாது. பம்ப் நிற்கும்போது குழாய் நசுங்கியே இருப்பதால் தானாக ஒழுகவும் ஒழுகாது. குழாய் தேயும் வரையில், அதாவது. நசுங்கி நசுங்கி அது தளர்ந்தால் அளவு மாறும், ஒருநாள் கிழியும். சில மாதங்களுக்கு ஒருமுறை அளவுக்குவளையில் பாய்ச்சிச் சரிபார்க்கச் சலிப்படைபவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

அளவின் துல்லியம் ஒரு சிக்கல். நாளுக்கு 2 மி.லி. வோட்காவை 24 ஆகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 0.08 மி.லி. நிமிடத்துக்கு 60 மி.லி. தள்ளும் சாதாரண டிசி மோட்டார் பம்புக்கு இது ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு வேலை. மோட்டார் வேகம் பிடிக்கவே அதற்குமேல் ஆகிவிடும். சரி, வோட்காவைப் பத்து மடங்கு நீர்க்கவைத்தால்? 40 சதவீதத்தில் எந்தக் கிருமியும் வளராது. 4 சதவீதத்துக்கு இறக்கினால் அது கிருமிகளின் விருப்ப உணவு. காற்றிலிருந்து வந்து உட்காரும் அசெட்டிக் பாக்டீரியா அதை மெல்ல வினிகராக்கும், குழாயின் உள்சுவரில் வழுவழுவென்று படலம் கட்டும். தொட்டிக்குள் நடக்க வேண்டியது பாட்டிலுக்குள்ளேயே நடந்துமுடியும். நீர்க்காத வோட்காவை அப்படியே வைத்தாலும் இன்னொரு கவலை: அதன் ஆவி சுமார் 26 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. தொட்டிக்கு அடியில் மூடிய அலமாரி, அதற்குள் சூடாகும் மோட்டார்கள், ஈரத்தில் அரித்த பிளக்குகள். அங்கே திறந்த மது பாட்டில் என்பது கேட்கவே நன்றாக இல்லை.

அதனால் தானியங்கிக்கு வினிகரே மேல் என்பது என் முடிவு. 5 சதவீத வினிகரில் கார்பன் வோட்காவில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குதான். 2 மி.லி. வோட்காவுக்குப் பதில் 16 மி.லி. வினிகர். பம்புக்கு இது அளக்கக்கூடிய அளவு. தீப்பற்றாது. தவறி அதிகம் விழுந்தாலும் ஒரு மி.லி.க்கு 0.05 கிராம் ஆக்சிஜன்தான் செலவு. அமிலம் என்பதால் மொத்தமாக ஊற்றினால் பிஹெச் குத்தென்று இறங்கும். சிறு தவணைகளாகப் போகும்போது அது தெரிவதேயில்லை. வினிகரிலிருந்து வரும் அசெட்டேட்டை பாக்டீரியா எரித்து முடிக்கும்போது, அமிலம் விழுங்கிய காரத்தன்மை பைகார்பனேட்டாகத் திரும்பியும் வந்துவிடுகிறது. குழாயின் நுனி தொட்டி நீரைத் தொடாமல் மேலே தொங்க வேண்டும். தொட்டால் பாக்டீரியா நுனி வழியாக ஏறிவந்து அடைத்துவிடும். தொட்டி நீர் பாட்டிலுக்கோ, பாட்டில் தொட்டிக்கோ சைஃபன் ஆகிப் பாயும் அபாயமும் உண்டு.

இதுவரை சொன்னது நேரம் பார்த்து ஊற்றும் இயந்திரம். அதற்கு அறிவு கிடையாது. இயல்பாகவே அடுத்த ஆசை வரும்: நைட்ரேட்டை இயந்திரமே அளக்கட்டும், அதிகமிருந்தால் கூட்டட்டும், குறைந்தால் குறைக்கட்டும். ஏசி அறையின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்வதுபோல இது அவ்வளவு சுலபமா? கார்பனுக்கும் நைட்ரேட்டுக்கும் இடையே ஒரு உயிர்க்கூட்டம் இருக்கிறது என்பதுதான் வில்லங்கம்.

இன்று கார்பன் ஊற்றினால் நாளை நைட்ரேட் குறையாது. பாக்டீரியாக்கள் முதலில் எண்ணிக்கையில் கூட வேண்டும், பாறையில் இடம்பிடிக்க வேண்டும், அந்த உணவுக்குப் பழகிய இனங்கள் மற்றவற்றை முந்த வேண்டும். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று மீட்டர் அசையாது. பிறகு திடீரென்று விழும். இட்லிமாவை அரைத்துவைத்து இரண்டு மணி நேரத்தில் மூடியைத் திறந்து, பொங்கவில்லையே என்று வெந்நீரில் வைப்பவர் விடியற்காலையில் அடுப்பு மேடையெல்லாம் துடைப்பார். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து, குறையவில்லை என்று ஒவ்வொரு தடவையும் அளவை ஏற்றும் இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. பாக்டீரியா தயாராகும் நாளில் பம்ப் தேவைக்கு நான்கு மடங்கு ஊற்றிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதற்கென்றே தனிப் பாடம் உண்டு: தாமதம் பெரிதாக இருக்கும் அமைப்பில், பிழையைச் சேர்த்துச் சேர்த்துச் செயல்படும் கட்டுப்பாடு எளிதில் எல்லை தாண்டும்.

எல்லை தாண்டினால் நைட்ரேட் பூஜ்யத்துக்குப் போகிறது, நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன்புவரை வளர்ப்பாளர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள். கடலில் அளவு குறைவாக இருப்பதால் தொட்டியிலும் பூஜ்யம் வேண்டும் என்ற வாதத்தில் ஓட்டை இருக்கிறது. கடலில் அளவு குறைவு, வரவு குறைவில்லை. நொடிதோறும் புது நீர் வந்து மிதவை உயிர்களைக் கொட்டிவிட்டுப் போகிறது. கடற்பஞ்சுகள் நீரில் கரைந்த கரிமப் பொருளை உறிஞ்சித் தம் செல்களாக்கி, அவற்றை உதிர்த்து மற்ற உயிர்களுக்கு உணவாக்குகின்றன என்று 2013-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கரீபியப் பாறைகளில் காட்டினார்கள். தொட்டியில் அந்தப் பந்தி கிடையாது. 2013-லேயே சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைக் காட்டியது: நைட்ரேட் இருந்து பாஸ்பேட் பட்டினி வந்தால், பவளம் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்கமுடியாமல் வெளுத்துப்போகிறது. சமநிலை குலைந்த தொட்டியில் பழுப்பு நூல்களாகக் குமிழியோடு படரும் டைனோஃப்ளஜெல்லேட்டுகள் வந்து உட்கார்ந்தால், அவற்றைக் கிளப்ப மாதக்கணக்காகும். ஆகவே இன்று அனுபவசாலிகள் நைட்ரேட்டை லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 என்று வைத்திருக்கப் பார்க்கிறார்கள். இலக்கு பூஜ்யமாக இருந்தால் இயந்திரத்தின் வேலை சுலபம். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம். இலக்கு ஒரு குறுகிய பட்டையாக இருப்பதால்தான் நிறுத்தும் கலை தேவைப்படுகிறது.

அளப்பதே தனிப் பாடு. வீட்டு நைட்ரேட் சோதனைக் கருவியில் வரும் ரோஜா நிறம் 1879-ல் பீட்டர் கிரீஸ் விவரித்த வினையிலிருந்து வருகிறது. அவர் இங்கிலாந்தில் பர்ட்டன் ஆன் ட்ரென்ட் ஊரில் ஒரு பீர் ஆலையின் வேதியியலாளர். மதுவைத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் அதன் பலனைப் பார்க்க, மது ஆலைக்காரர் கண்டுபிடித்த வினையையே நாட வேண்டியிருக்கிறது. நைட்ரேட்டை முதலில் துத்தநாகமோ காட்மியமோ கொண்டு நைட்ரைட்டாக்கி, பிறகு சாயம் உண்டாக்கி, நிறத்தின் அடர்த்தியை அளப்பது முறை. கடலியலாளர்களிடம் வேறொரு வழி இருக்கிறது: நைட்ரேட் புறஊதா ஒளியை உறிஞ்சும். கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த அந்த முறையில் இயங்கும் சென்சார்கள், எந்த வேதிப்பொருளும் இல்லாமல், ஆழ்கடலில் மிதக்கும் ஆர்கோ மிதவைகளில் ஆண்டுக்கணக்காக அளந்துகொண்டிருக்கின்றன. கடல்நீரில் நிறைந்திருக்கும் புரோமைடும் அதே ஒளியை உறிஞ்சுவதால், அதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். விலை வீட்டுக்கு எட்டாது. வீட்டுக்காகச் சந்தைக்கு வந்திருக்கும் தானியங்கி அளவைக் கருவிகள் சாயம் கலந்து நிறம் பார்க்கும் பழைய வழியைத்தான் சின்னப் பம்புகளைக் கொண்டு செய்கின்றன.

நைட்ரேட்டை நேரடியாக அளக்காமல் மறைமுகமாக உணரும் வழியும் உண்டு. மூடிய சிறு ரியாக்டருக்குள் ஆக்சிஜனில்லாமல் நைட்ரேட்டை வாயுவாக்குபவர்கள், அதற்குள் ரெடாக்ஸ் மின்முனை ஒன்றைச் சொருகியிருப்பார்கள். நைட்ரேட் இருக்கும்வரை மின்னழுத்தம் மைனஸ் 50 முதல் மைனஸ் 200 மில்லிவோல்ட் வரை ஊசலாடும். நைட்ரேட் தீர்ந்ததும் கோடு மடங்கிச் சடசடவென்று இறங்கும். அதற்குமேல் கார்பன் கொடுத்தால் பாக்டீரியா சல்பேட்டின் மீது கைவைக்கும். அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கோட்டின் அந்த மடங்கல்தான் பம்புக்கு நிறுத்தற்குறி. கழிவுநீர் நிலையங்கள் சிலவும் இதே மடங்கலைப் பார்க்கின்றன.

இனி, ஸ்கிம்மர் ஏன் கட்டாயம் என்று சொல்ல வேண்டும். 2006-ல் டேவிட் க்லைன், ஃபாரஸ்ட் ரோவர் குழுவினர் கரீபியப் பவளங்களைச் சிறு தொட்டிகளில் வைத்து, நீரில் சர்க்கரை வகைகளைக் கலந்து பார்த்தார்கள். பவளங்கள் செத்தன. பவளத்தின் மேல்தோலை மூடியிருக்கும் சளிப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பத்து மடங்கு வேகத்தில் பெருகியதைக் கண்டார்கள். கடலோர நகரங்களின் கழிவும், பெருகிய பாசி கசியவிடும் சர்க்கரையும் பவளப்பாறையைக் கொல்வது இப்படித்தான் என்பது அவர்கள் வாதம். அப்படியானால், வேண்டுமென்றே கார்பனை ஊற்றும் தொட்டிகளில் பவளம் எப்படித் தழைக்கிறது? பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் தம் குழுவினரோடு வீட்டுத் தொட்டிகளில் பாக்டீரியாவை எண்ணிப் பார்த்ததில் ஒரு தடயம் கிடைக்கிறது. ஸ்கிம்மர் ஓடும் தொட்டியின் நீரில் மிதக்கும் பாக்டீரியா, இயற்கைப் பாறையைச் சுற்றியுள்ள நீரில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். விளைவதை விளைய விளைய அறுத்துக்கொண்டிருக்கிறது ஸ்கிம்மர். என் ஊகம் இது: ஸ்கிம்மர் நின்றுவிட்ட தொட்டியில் பம்ப் மட்டும் ஓடினால், நாம் க்லைனின் பரிசோதனையை வீட்டில் திரும்பச் செய்கிறோம்.

எனவே கண்ட்ரோலரில் எழுத வேண்டிய முதல் வரி, எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ஸ்கிம்மர் ஓடவில்லையா, ஊற்றாதே. அதன் கிண்ணம் நிரம்பி ஃப்ளோட் ஸ்விட்ச் எழும்பிவிட்டதா, ஊற்றாதே. நீரைச் சுழற்றும் பம்ப் நின்றதா, ஊற்றாதே. பிஹெச் 7.8-க்குக் கீழே போனதா, கரைந்த ஆக்சிஜன் விழுந்ததா, ரெடாக்ஸ் வழக்கத்துக்கு மாறாகச் சரிந்ததா, ஊற்றாதே. மின்சாரம் போய்த் திரும்பியதா? இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. விட்டுப்போன தவணைகளைச் சேர்த்து ஊற்றிவிடும் நல்லெண்ணம் சில நிரல்களுக்கு உண்டு. மின்தடையில் காற்றில்லாமல் தவித்த தொட்டிக்கு ஆறு மணி நேரக் கார்பனை ஒரே மூச்சில் ஊற்றுவது அந்த நல்லெண்ணத்தின் பலன். விட்டது விட்டதுதான் என்று அதற்கு ஆணையிட வேண்டும். ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடும் ரீஃப்-பை போன்ற திறமூல மென்பொருளானாலும், விலை உயர்ந்த கண்ட்ரோலரானாலும், வாங்கியதும் இந்த ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கார்பனைத் திடீரென்று நிறுத்தினால் பழகிய பாக்டீரியா பட்டினியில் செத்து, பிடித்துவைத்த நைட்ரஜனை அவிழ்த்துவிடாதா என்று கேட்பார்கள். ஓரளவு அவிழ்க்கும். அந்தக் கெடுதல் வெளியே தெரிய நாள்கணக்காகும். மனிதர் கவனிக்க நேரம் இருக்கிறது. அதிகம் ஊற்றியதன் கெடுதல் ஒரே இரவில் முடிந்துவிடும். எந்தப் பக்கம் தவறுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் நிறுத்தும் பக்கமே தவற வேண்டும். ஏற்றம் மெதுவாக, வாரம் ஒருமுறைக்கு மேல் கூடாது, இறக்கம் உடனடியாக. இரு திசைக்கும் ஒரே வேகம் என்ற பாடப்புத்தக ஒழுங்கு இங்கே உதவாது.

இவ்வளவு நிரல் எழுதினாலும் ஒரு ரிலே தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால் பம்ப் எந்த ஆணையையும் கேட்காது. பாட்டில் காலியாகும்வரை ஓடும். அதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது, பாட்டிலில்தான் இருக்கிறது. முழு 750 மி.லி. வோட்கா பாட்டிலைக் குழாயோடு இணைத்துவைத்தால், அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் ஏறத்தாழ 490 கிராம். தொட்டியில் இருப்பது 1.34 கிராம். அதே அலமாரியில் நான்கு நாள் தவணை மட்டும் கொள்ளும் சின்ன வினிகர் புட்டி இருந்தால், முழுவதும் கொட்டினாலும் தேவை சுமார் மூன்றரை கிராம். ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருந்தால் போராடிப் பார்க்கலாம். அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறதே என்பது இதற்குச் சொல்லப்படும் குறை. அடிக்கடி நிரப்ப வருகிறவர் தொட்டியையும் ஒரு பார்வை பார்ப்பார் என்பதால், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

மின்னணு எதுவும் இல்லாத தானியங்கி ஒன்றும் இருக்கிறது: பயோபெல்லட் என்ற சிறு உருண்டைகள். 1920-களில் பாஸ்தர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான்ய் பாக்டீரியாவின் உடலுக்குள் ஒரு பாலியெஸ்டரைக் கண்டார். நாம் கொழுப்பைச் சேமிப்பதுபோல் பாக்டீரியா அதைச் சேமித்துவைக்கிறது. அந்தக் குடும்பத்துப் பாலிமர்களால் செய்த உருண்டைகள் ரியாக்டரில் சுழல, பாக்டீரியா வேண்டிய மட்டும் கடித்துத் தின்கிறது. கவர்ச்சியான ஏற்பாடுதான். ஆனால் எவ்வளவு தின்றது என்று தெரியாது. நிறுத்து என்று சொன்னால் கேட்கவும் கேட்காது. அந்த ஒரு காரணத்துக்காக நான் பம்பின் பக்கம்.

நைட்ரேட்டை அளக்கும் வீட்டுக் கருவி வாங்கியவர்கள் அதைப் பம்போடு இணைக்க அவசரப்படுவார்கள். இணைக்கலாம், பாதி மட்டும். முதல் சில மாதங்களுக்கு அதன் கையில் குறைக்கும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். நைட்ரேட் 2-க்கோ பாஸ்பேட் 0.02-க்கோ இறங்கினால் தவணையைப் பாதியாக வெட்டட்டும், அடுத்த அளவையும் அப்படியே வந்தால் நிறுத்தட்டும். கூட்டுவதை நீங்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்கிம்மர் கிண்ணத்தைக் கழுவும்போது, நுரையின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.